எதிர் வீட்டுக்காரருக்கு வேர்ப்பதில்லை

மே 4, ஞாயிறு

கத்திரி இன்று ஆரம்பம். பிரஷர் 150/90. மருந்துக்கடையில் கொடுத்த டைரி இது. தினமும் பிரஷரை எழுதி வைக்கச் சொல்லி என் மனைவி வச்சலா என் தலைமாட்டில் வைத்தாள். ஒரு வரியோடு முடித்தால் பக்கம் வீணாகிறதே என்று மிச்சத்தையும் எழுதுகிறேன்.

வேலூர் வெயிலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். கத்திரியில், உச்சி வெயிலில், கம்பம் ஏறி இறங்கி, ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டு அடுத்த கம்பத்துக்குப் போனவன். இப்போது அறுபத்தொன்பது. வாசலுக்குப் போய்ப் பால் பாக்கெட்டை எடுத்து வருவதற்குள் பனியன் நனைந்துவிடுகிறது.

எதிர் வீட்டுப் புருஷோத்தமனுக்கு எழுபத்து நான்கு. காலையில் பாலாற்று மணலில் நடந்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு நிதானமாக வருகிறார். முழுக்கைச் சட்டை. இஸ்திரி மடிப்பு அப்படியே இருக்கிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வச்சலா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாருங்க, சாருக்கு ஒரு சொட்டு வேர்வை இருக்கா? நீங்களும் இருக்கீங்களே."

இருக்கிறேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து இருந்துகொண்டுதான் இருக்கிறேன். எனக்கு என்றைக்கும் "ஏங்க"தான். அவருக்கு சாராம், சார்!

மே 6, செவ்வாய்

புருஷோத்தமன் மஸ்கட்டில் பல வருடம் கட்டட சூப்பர்வைசராக இருந்தவர். மனைவி தனம் போன வருடம் காலமானதும் தனியாக இந்தத் தெருவுக்குக் குடிவந்தார். ஒரே மகள் ஹேமலதா பெங்களூரில். தனியாக இருப்பவர் என்பதால் வீட்டின் மாற்றுச் சாவியை எங்கள் வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறார். என் கையில் கொடுக்கவில்லை. வச்சலா கையில் கொடுத்தார். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் அதற்கென்று நான்தான் ஆணி அடித்தேன்.

இன்று சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டாராம். வந்தார். உட்கார்ந்தார். வச்சலா எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு நான் கேட்டால் வரும். அவருக்குக் கேட்காமலே வருகிறது.

"வேணாம் டீச்சர், தாகமே இல்ல. மஸ்கட்ல அம்பது டிகிரி பாத்த உடம்பு இது. இந்த வெயில் எனக்கு ஊட்டி மாதிரி."

வச்சலா அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. டீச்சர் என்று யாராவது கூப்பிட்டால் இன்னும் முகம் மலர்ந்துவிடும். ஊட்டிக்குச் சிரித்தாளா, டீச்சருக்குச் சிரித்தாளா தெரியவில்லை. அவர் போனதும் அந்த ஜூஸை நான் எடுத்துக் குடித்தேன்.

மே 7, புதன்

146/90. நான் மாத்திரை போட்டேனா என்று வச்சலா கேட்கவில்லை. எதிர் வீட்டு சார் போட்டாரா என்று வாசலில் நின்று கேட்டாள். அவரும் பிரஷருக்கு, மூத்திரம் போகிற மாத்திரை சாப்பிடுகிறாராம். "அதனாலயே தண்ணி கொறச்சுக்குவேன் டீச்சர். யாரு ராத்திரி பூரா எழுந்துக்கறது?" என்றார். இந்த ரகசியமெல்லாம் இவளிடம் எதற்கு?

மே 9, வெள்ளி

அவருக்கு ஆங்கிலப் பேப்பர் வருகிறது. படித்துவிட்டு இங்கே கொடுத்தனுப்புவார். அதில் சுடோகு கட்டம் பாதி அவர் போட்டிருப்பார், மீதியை வச்சலா போடுவாள். ஒரே கட்டத்தில் இரண்டு பேர் கையெழுத்து. பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது. நான் ஒருநாள் போட முயன்றேன். "உங்களுக்கு இது வராது, விடுங்க" என்று பிடுங்கிக்கொண்டாள்.

மே 11, ஞாயிறு

எனக்கு மட்டும் வராதா? நானும் முழுக்கைச் சட்டை போட்டேன். வேர்க்கக் கூடாது என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. பத்து மணி வெயிலில் பாலாற்றுப் பக்கம் போனேன். அவர் எதிரே திரும்பி வந்துகொண்டிருந்தார். "என்ன முனிரத்தினம், தாமதமா?" என்றார். காய்ந்த முகம். பவுடர் போட்ட மாதிரி இருக்கிறது.

பாலம் வருவதற்குள் எனக்குக் கண் இருட்டிவிட்டது. டீக்கடைக்காரர் பெஞ்சில் படுக்க வைத்து, ஒரு குடம் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தார்.

"இன்னாத்துக்கு பெருசு இந்த வேலை உனுக்கு? ஊட்ல சண்டையா?"

ஏறக்குறைய அதுதான் என்று சொல்லவில்லை. ஈரச் சட்டையோடு வீட்டுக்கு வந்து, வழியில் குழாய் உடைந்து மேலே அடித்துவிட்டது என்றேன். வச்சலா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களுக்கு என்ன இருபத்தஞ்சு வயசா?"

"அவருக்கு மட்டும்?"

"எவருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

மே 13, செவ்வாய்

இன்று இரண்டு முறை வந்தார், சாவிக்கு. காலையில் வாங்கிக்கொண்டு போனவர், ஒரு மணி நேரத்தில் மறுபடி வந்து, "டீச்சர், சாவி உள்ள மாட்டிக்கிச்சு" என்று அதே சிரிப்போடு நிற்கிறார். காலையில் வாங்கிய சாவி சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருக்கிறது! நான்தான் காட்டினேன். "அட, ஆமா" என்றார்.

எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் நான். இந்த மறதியெல்லாம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாதா? வச்சலாவைப் பார்க்க ஒரு சாக்கு, அவ்வளவுதான். இனிமேல் என்ன 'அவர்'? அவன்தான்.

மே 14, புதன்

இன்று எனக்கு நல்ல நாள். அவன் போட்ட சுடோகுவில் ஒரே வரிசையில் இரண்டு ஏழு! மூன்று இடத்தில்! "பாத்தியா உன் சாரோட மூளைய?" என்று காட்டினேன். வச்சலா சிரிக்கவில்லை. கட்டத்தை வெகுநேரம் பார்த்தாள். "இவர் இப்படிப் போடமாட்டாரே" என்றாள். பிறகு ஹேமலதாவுக்கு போன் செய்தாள். மகள் இருபத்தைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம்.

இரண்டு ஏழு போட்டதற்கே இவ்வளவு கவலை. நான் பெஞ்சில் மல்லாந்து கிடந்தேன், ஒருத்தருக்கும் தெரியாது.

மே 15, வியாழன்

தொட்டாள்.

சாயங்காலம் அவன் பேப்பர் கொடுக்க வந்தான். இந்தக் காய்கிற வெயிலில் கை வைத்த ஸ்வெட்டர்! "லேசா குளிருது டீச்சர்" என்றான். வச்சலா அவன் கையைப் பிடித்துப் புறங்கையின் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளிய தோல் கிள்ளினபடியே நின்றது.

"சார், கை சருகு மாதிரி காஞ்சு கெடக்கு. தண்ணியே குடிக்கறதில்லையா நீங்க? டாக்டர்கிட்ட போலாம்."

"எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். தனம் இருந்திருந்தா இப்படித்தான் திட்டியிருப்பா" என்றான். வச்சலாவின் கண் கலங்கிவிட்டது.

செத்துப்போன மனைவியின் பேரைச் சொன்னால் போதும், இவள் உருகிவிடுவாள். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். எனக்கு டைபாய்டு வந்தபோதுகூட இவள் தெர்மாமீட்டரைத்தான் வைத்தாள். என் கையை எப்போது கடைசியாகப் பிடித்தாள் என்று உட்கார்ந்து யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. வயிறு எரிகிறது, எழுத எழுத.

மே 16, வெள்ளி

புதிய ஏற்பாடு. தினமும் பன்னிரண்டு மணிக்கு எதிர் வீட்டுக்கு ஒரு சொம்பு மோர் போக வேண்டும். வச்சலாவுக்கு மூட்டுவலி, எதிர் வீட்டு மாடிப்படி ஏற முடியாது. அதனால் தூதன் நான்! உப்பு, பெருங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை எல்லாம் போட்டு, மூடி போட்டுக் கொடுத்தாள்.

"பக்கத்துலயே நின்னு குடிக்க வெச்சுட்டு வாங்க. தாகம் இல்லைன்னுதான் சொல்லுவார்."

போனேன். தாகம் இல்லை, வைத்துவிட்டுப் போங்கள் என்றான். வேண்டாம் என்பவனிடம் நான் ஏன் கெஞ்ச வேண்டும்? அவன் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து நானே குடித்தேன். பெருங்காயம் தூக்கல். எனக்குச் செய்யும் மோரில் இஞ்சி இருக்காது.

கொடுத்தாயிற்று என்று சொன்னேன்.

மே 17, சனி

மோர் கொடுத்தாயிற்று. 140/86.

மே 18, ஞாயிறு

மோர் கொடுத்தாயிற்று. 136/84. வெயில் காலத்துக்கு மோர் நல்லது என்று சொல்வது உண்மைதான்.

மே 19, திங்கள்

இன்று படிவரை போகவில்லை. அவன் வீட்டு வாசலில் எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "என்ன புருஷோத்தமன், நடைக்குப் போகலையா?" என்றேன். "லாரி இன்னும் வரல. சிமெண்டு இறக்கணும்" என்றான். என்னைக் கிண்டல் செய்கிறான். மோரைத் திருப்பிக்கொண்டு வந்து, தெரு முனையில் நின்று குடித்தேன்.

"முழுசா குடிச்சாரா?" என்று கேட்டாள் வச்சலா.

"ஒரு சொட்டு விடல" என்றேன். நான் விடவில்லை என்பது பொய்யில்லையே.

மே 20, செவ்வாய்

வச்சலா காட்பாடியில் கண் டாக்டரைப் பார்க்க ஆட்டோவில் போயிருக்கிறாள். "மோர் குடுத்துடுங்க. சாவி கேட்டா குடுங்க, வம்பு வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போதும் அவன் கவலைதான். நான் மத்தியானம் என்ன சாப்பிடுவேன் என்று ஒரு வார்த்தை இல்லை.

கரண்ட் இல்லை. தெருவில் நாய்கூட இல்லை. பன்னிரண்டரைக்கு எதிர் வீட்டுக்காரன் வந்து எங்கள் கேட்டைப் பிடித்து ஆட்டுகிறான். கொக்கியைத் தூக்கினால் திறக்கிற கேட். நேற்றுவரை அவனே தூக்கிக்கொண்டு வந்தவன்தான். இன்று கம்பியைப் பிடித்து ஆட்டி, "தனம், கதவத் தொற... தனம், கதவத் தொற" என்கிறான். ஸ்வெட்டர் வேறு. டீச்சர் வீட்டில் இல்லை என்று தெரியாமல் நாடகம் போடுகிறான். ஜன்னலில் என்னைப் பார்த்தான். பார்த்தும் என்னிடம் கேட்கவில்லை. தனத்தைத்தான் கூப்பிட்டான்.

திரையை இழுத்துவிட்டேன். நன்றாக ஆட்டட்டும்.

மோர் நன்றாக இருந்தது.

அதே நாள், மாலை

எழுத்து கோணலாக வருகிறது.

வச்சலாவின் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். கேட்டுக்கு வெளியே, தார் ரோட்டில், அவர் விழுந்து கிடந்தார். வச்சலா ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஆட்டோக்காரர் எங்கள் தொட்டியிலிருந்து பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். வச்சலா முந்தானையை நனைத்து அவர் கழுத்திலும் அக்குளிலும் வைத்தாள். நானும் ஓடிப்போய் விசிறினேன். உடம்பைத் தொட்டால் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல். ஒரு பொட்டு வேர்வை இல்லை.

"இன்னா சார், ஊட்லயே இருந்துகினு பாக்கலியா நீ?" என்றார் ஆட்டோக்காரர்.

"தூங்கிட்டேன்" என்றேன்.

வச்சலா நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். காலையில் அவள்தான் காற்றுக்காகத் திரையை ஒதுக்கிக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போயிருந்தாள்.

மே 21, புதன்

ஆஸ்பத்திரி. ஜுரம் நூற்றாறு வரை போனதாம். இரவெல்லாம் ஈரத் துணி, ஃபேன், டிரிப். ஹேமலதா விடியற்காலையில் வந்து சேர்ந்தாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

சின்ன வயது டாக்டரம்மா. என் மகள் என்றால் நம்பலாம். மஸ்கட் பார்த்த உடம்பாச்சே, இவருக்குப் போய் எப்படி என்று நான் கேட்டேன்.

"மஸ்கட் பழக்கம் மஸ்கட்டோட போச்சு சார். கொஞ்ச வாரம் வெயில்ல இல்லைன்னாலே உடம்பு அத மறந்துடும். வயசானா திரும்பப் பழகறதும் மெதுவாத்தான். வேர்வை கொறைஞ்சிடும். தண்ணி வத்தினாலும் தாகம் எடுக்காது. சூடு ஏறுறது மூளைக்கு லேட்டாத் தெரியும், அதுக்குள்ள மூளையே குழம்ப ஆரம்பிச்சிடும். கொஞ்ச நாளா ஏதாவது மறந்தாரா? பேச்சு மாறிச்சா?"

இரண்டு சாவி. இரண்டு ஏழு. ஸ்வெட்டர். சிமெண்ட் லாரி. எல்லாம் என் டைரியில் தேதி போட்டு இருக்கிறது. வச்சலாதான் சுடோகுவைச் சொன்னாள்.

"வேர்க்கலைன்னு பெருமைப்படக் கூடாது. உங்களுக்கு வேர்க்குதா சார்?" என்று என்னைக் கேட்டார் டாக்டரம்மா.

"ரொம்ப."

"சந்தோஷப்படுங்க. ஆனா தாகத்தை நம்பாதீங்க. நேரம் பாத்துக் குடிங்க."

மே 22, வியாழன்

வீட்டுக்கு வந்ததும் வச்சலா ஸ்டூலைப் போட்டு, மூட்டுவலியோடு ஏறி, ஜன்னல் திரையைக் கழற்றினாள். துவைத்தாள். காயப் போட்டாள். மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினாள். வெயில் நேராகக் கூடத்துக்குள் விழுகிறது.

அப்புறம் அந்த மோர்ச் சொம்பைக் கழுவினாள். ஒரே ஒரு டம்ளர்தான் கூட இருந்தது, என்னுடையது. அதையும் கழுவிக் கவிழ்த்தாள்.

ஒரு மணிக்குத் தட்டு வைக்கும் சத்தம். "சார், சாப்பிட வாங்க" என்றாள்.

யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. என்னைத்தான்.

மே 24, சனி

புருஷோத்தமன் கண் விழித்துவிட்டார். பேசுகிறார். என்ன பேசினார் என்பதை எழுதத்தான் வேண்டும்.

என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். "இவர்தாம்மா. இவர்தான் கேட்டத் தொறந்து ஓடி வந்தாரு. மோர் குடுத்தாரு. தலையில தண்ணி ஊத்தினாரு. பெருங்காய வாசனை இன்னும் மூக்குல இருக்கு" என்று மகளிடம் சொன்னார். சத்தியமாக நம்பித்தான் சொல்கிறார். குழம்பிய மூளை அதுவாக ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறது.

ஹேமலதா அழுதுவிட்டாள். "அங்கிள், நீங்க இல்லைன்னா அப்பா இல்ல" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் என்னை மரியாதையாகப் பார்த்தாள். இப்படி ஒரு பார்வைக்காகத்தான் இந்த மாதம் முழுக்க வயிறு எரிந்தேன். கிடைத்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

வச்சலா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மே 25, ஞாயிறு

இன்றும் "சார்" தான். "சார், மாத்திரை." "சார், வெந்நீர்." நாற்பது வருடத்துக்கு மேல் காதில் விழுந்த அந்த "ஏங்க" இல்லாமல் வீடே யாரோ வீடு மாதிரி இருக்கிறது. திட்டினால்கூடத் தாங்குவேன். 150/92.

மே 28, புதன்

கத்திரி இன்றோடு முடிகிறது. புருஷோத்தமனை டிஸ்சார்ஜ் செய்து அழைத்து வந்தார்கள். மழை பிடிக்கும் வரை பெங்களூரில் வைத்துக்கொள்ளப் போகிறாள் ஹேமலதா. எங்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். தெருக்காரர்கள் இரண்டு பேர் வந்து என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் சொல்லிவிட்டேன்.

"ஹேமா, நான் குடுக்கலம்மா. அன்னிக்கும் குடுக்கல, அதுக்கு முன்னாடி நாலு நாளும் குடுக்கல. எல்லா மோரையும் நான்தான் குடிச்சேன். அப்பா கேட்டை ஆட்டினாரு. பாத்தேன். ஸ்கிரீனை இழுத்து விட்டுட்டேன்."

"ஏன் அங்கிள்?"

எழுபதை நெருங்குகிற மனிதன் இதற்கு என்ன பதில் சொல்வான்? "பொறாமை" என்றேன். வச்சலா முன்னாலேயே சொன்னேன்.

புருஷோத்தமன்தான் பதறினார். "என்ன முனிரத்தினம், உளர்றீங்க? எனக்குத் தெரியாதா? நீங்கதான குடுத்தீங்க. இஞ்சி போட்டது." என் தோளைத் தட்டினார். "வெயில் இவரையும் அடிச்சிடுச்சு போல" என்று மகளிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டேன்.

ஹேமலதா சிரிக்கவில்லை. எழுந்தாள்.

"எங்க வீட்டுச் சாவியக் குடுங்க அங்கிள்."

ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, அப்பாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு போனாள். தெருவைத் தாண்டும்போது அவர் திரும்பிக் கையசைத்தார். அவர் நெற்றியில் நாலைந்து சொட்டு வேர்வை பூத்திருந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் அவரை ஒருநாளும் பார்த்ததில்லை.

மே 29, வியாழன்

144/88. கார் காலையிலேயே போய்விட்டது. எதிர் வீடு பூட்டிக் கிடக்கிறது. ஃபிரிட்ஜ் பக்கத்து ஆணி காலியாக இருக்கிறது. பிடுங்கிவிடலாமா என்று நின்றேன், பிடுங்கவில்லை.

பதினொரு மணி இருக்கும். கூடத்தில் வெயில் விழுகிற இடத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அடுக்களையில் வச்சலா தாளித்துக்கொண்டிருந்தாள். கரண்டியை வைக்கிற சத்தம் கேட்டது.

"ஏங்க."

மூச்சை நிறுத்திக்கொண்டு கேட்டேன்.

"ஏங்க, காதுல விழலையா? காலையிலேர்ந்து தண்ணி குடிச்சீங்களா?"

குடிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தாகமே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எழுந்து போய்ச் சொம்போடு எடுத்து, அவள் பார்க்கிற இடத்தில் நின்று, முழுக்கக் குடித்தேன்.